வழிதவறி வந்த விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரைக் குறித்த அச்சொல், அவருக்குப் படைக்கும் உணவைக் குறித்தது பின்னரே. மீச்சினஸ் தீவின் செய்தியைப் படித்தபோது இச்சொல்லே நம் நெஞ்சில் நின்றது.

வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்கைச் சார்ந்த ஃபாரோ தீவுகள் 18. அவற்றுள் மேற்குக் கோடியில் உள்ளது மீச்சினஸ். அதன் பாறைகளில் கானெட் எனும் வெண்ணிறக் கடற்பறவைகள் திரள்திரளாகக் குஞ்சு பொரிக்கின்றன. 1860 ஆம் ஆண்டில் அத்திரளினிடையே அயற்பறவை ஒன்று காணப்பட்டது. அது கரும்புருவ ஆல்பட்ராஸ். அவ்வினத்தின் தாயகம் பூமியின் தென்பாதியிலுள்ள ஃபாக்லாந்து முதலிய தீவுகள். சிறகடித்துப் பறப்பதினும் காற்றில் மிதந்து செல்வதே அதன் இயல்பு. நிலநடுக்கோட்டருகே காற்று ஓய்ந்து கிடக்குமாதலின், தவறி வடக்கே வந்த பறவை மீள்வது அரிது.

இதுவும் மீளவில்லை. ஆண்டுதோறும் கானெட்டுகளோடு வந்து தங்கியது. தீவினர் அதனைக் கானெட்டுகளின் அரசன் என்றழைத்தனர். கானெட்டுகளைப் பிடித்து உண்பவர்கள் அவர்கள் என்பதை ஈண்டு மறத்தலாகாது. 34 ஆண்டுகள் கழிந்தன. 1894 இல் அது சுட்டு வீழ்த்தப்பட்டது. உடல் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அக்கால அறிஞர்கள் உடலைக் கண்டாலன்றி நம்பார் என்பர் சிலர். நல்ல தொலைநோக்கிகள் அருகியிருந்த காலத்தில் அவ்வாதத்திற்கு ஓரளவு இடமுண்டு. ஆயினும் ஓர் ஊரே 34 ஆண்டுகள் கண்ட பறவைக்கு இன்னும் என்ன சான்று வேண்டும்? சொன்னவர் யார், எத்தகையவர், யாரிடம் கேட்டார் என ஆராய்ந்து ஹதீஸ்களைத் தொகுத்த மரபினர் நாம். சாட்சியைச் சோதிப்பது வேறு; சாட்சியையே மதியாமை வேறு. வழிப்போக்கருக்கும் ஸகாத்தில் பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது என்பதும் நினைவுக்கு வருகின்றது.

இன்று துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றுள்ளது. வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் ஒரு படத்திற்காக, களைத்து வந்த பறவையை இன்னும் அருகே, இன்னும் அருகே என்று விரட்டுவோரை நாம் ஏற்பதற்கில்லை.

ஸ்காட்லாந்தின் வடகோடியான அன்ஸ்ட் தீவிலும் 1972 முதல் 1995 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, இவ்வினப் பறவை ஒன்று கானெட்டுகளிடையே வாழ்ந்தது. கூடும் கட்டிக் காத்திருந்தது. துணை வரவில்லை. மக்கள் மலைமுகட்டில் தொலைவில் நின்று பார்த்துத் திரும்பினர். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளே அதன் வரவிற்குச் சான்று. அதனை ஐயுறுவார் இலர்.