பெரிய எண் நல்ல இசை ஆகுமா?



சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் பக்கத்து வீடுகள் பலவற்றில் பழைய ஹைஃபை செட் ஒன்று இன்னும் கூடத்தில் நிற்கிறது. தாத்தா அதில் கேசட் போட்டார். அப்பா குறுந்தட்டு போட்டார். இப்போது பாட்டு கைப்பேசியில் வருகிறது. “பழசைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்குவோமா?” என்று தீபாவளி நேரத்தில் பேச்சு வந்தால், வீட்டில் உங்களைத்தான் கேட்பார்கள். கடையில் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று எழுதிய பெட்டியைக் காட்டுவார்கள். அந்த எண்ணுக்காக அப்பாவின் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏன்? மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஓர் ஒலியலையைச் சரியாக மீட்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்குச் சற்று அதிகமாக மாதிரிகள் எடுத்தால் போதும். குறுந்தட்டு வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பது அதனால்தான். அதற்கு மேல் கிடைப்பது வௌவாலுக்குக் கேட்கலாம், நமக்குக் கேட்காது. 24 பிட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பயன்படும். நம் கூடத்துக்கு 16 பிட் தாராளம்.

டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா பாடிய 1960களின் பாடல்கள் காந்த நாடாவில் பதிவானவை. நாடாவில் இல்லாத ஒலியை எந்தக் கருவியாலும் உண்டாக்க முடியாது.

தரவையும் கணக்கிடுங்கள். குறுந்தட்டுத் தரத்தில், சுருக்காத 4 நிமிடப் பாட்டு சுமார் 42 மெகாபைட். வினாடிக்கு 320 கிலோபிட்டாகச் சுருக்கினால் 10 மெகாபைட்டுக்கும் குறைவு. கைப்பேசித் தரவை நம்பியிருக்கும் தோட்டத்து வீட்டுக்கு இது பெரிய வேறுபாடு.

வேறுபாடு காதுக்குத் தெரியுமா? நீங்களே சோதியுங்கள். ஒரே பாட்டை இரண்டு தரத்திலும் தம்பியையோ தங்கையையோ மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தம் ஒரே அளவில் இருக்கட்டும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். திரையைப் பார்க்காமல் 10 முறை சொல்லுங்கள். 5 சரியென்றால் அது வெறும் ஊகம். 9 சரியென்றால் உங்கள் காதை நம்பலாம்.

உண்மையில் ஒலி கெடும் இடங்கள் வேறு. ஒரு ஸ்பீக்கர் அலமாரி மேல், இன்னொன்று கதவுக்குப் பின்னால் இருந்தால் எந்தச் சேவையும் உதவாது. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையுங்கள். வெறும் சுவரும் ஓட்டுத் தரையும் எதிரொலிக்கும். திரைச்சீலையும் கம்பளமும் அதைக் குறைக்கும். புளூடூத் பெரும்பாலும் ஒலியை மறுபடி சுருக்கும். செட்டின் பின்புறம் ‘ஆக்ஸ்’ என்ற சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால், கைப்பேசியை ஒரு கம்பியால் அவற்றில் இணைத்துப் பாருங்கள்.

முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், பிறகு கம்பியை மாட்டுங்கள், அதன் பிறகு சோதனை செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குறை தெரிந்தால் கடைக்குப் போகலாம். பெரும்பாலும் தேவைப்படாது.