ஏப்ரலில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் போறீங்களா? வாடகைக்கு முன்னாடி உயரத்தைப் பாருங்க!

லண்டன், பாரிஸ், மியூனிக் என ஐரோப்பிய நகரங்களில் வேலை பார்க்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மார்ச் பிறந்ததும் ஒரு கேள்வி வந்து விழும்: ‘ஸ்கை ட்ரிப் போலாமா?’ பிப்ரவரி பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும். வாடகையும் இறங்கியிருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து சமையலறையோடு ஓர் அப்பார்ட்மென்ட் எடுத்தால் ஒரு வாரச் செலவு கையைக் கடிக்காது.

யோசனை சரிதான். வீட்டைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குறைந்த விலை முதலில் வருகிற மாதிரி வரிசைப்படுத்தி, மேலே இருப்பதை புக் செய்வது பிப்ரவரிக்கு ஒருவேளை ஒத்துவரலாம். சீசன் முடிவில் ஒத்துவராது. ஏனென்றால் அப்போது பனியும் வேறு, உங்கள் நாளின் கணக்கும் வேறு.

உயரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். மோர்ஸீன் கிராமம் சுமார் 1,000 மீட்டரில் இருக்கிறது. வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டுக்கும் எட்டு டிகிரி வரை வித்தியாசம் வரலாம். கீழே மழையாகப் பெய்வது மேலே பனியாக விழும். ஏப்ரலில் தாழ்வான கிராமங்களில் புல் தலைகாட்டத் தொடங்கிவிடும்.

‘அதனால என்ன, லிஃப்ட் ஏறி மேலே போயிட்டா போச்சு’ என்று தோன்றும். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு இது சரி. முதல் முறை போகிறவருக்கு? கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவுகள் பெரும்பாலும் ஊரை ஒட்டியே இருக்கும். ஊர் தாழ்வாக இருந்தால் முதலில் கரைவது அந்தச் சரிவுதான். குழுவில் கைதேர்ந்தவர் எங்கே தங்கினாலும் சமாளித்துவிடுவார். புதிதாக வருகிறவர்தான் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டு ஈரச் சேற்றில் நிற்பார். உங்கள் குழுவில் ஒருவர் புதியவர் என்றாலும் ஊரின் உயரத்தை அவரை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம், விளம்பரங்களில் வரும் கிலோமீட்டர் கணக்கு. ‘மூன்று பள்ளத்தாக்குகள்’ எனப்படும் பகுதியில் கூர்ஷவெல், மெரிபெல், வால் தொரான்ஸ் எல்லாம் சேர்ந்து 600 கி.மீ. சறுக்குப் பாதை. இதே வட்டாரத்தில், 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரீத்-லே-பான் ஊரிலும் வீடு கிடைக்கும், மலிவாகவே கிடைக்கும். ஆனால் சீசன் கடைசியில் தாழ்வான பகுதிகள் முதலில் மூடும், பள்ளத்தாக்குகளை இணைக்கும் பாதைகளும் அறுபடும். வால் தொரான்ஸ் வழக்கமாக மே தொடக்கம் வரை திறந்திருக்கும். அக்கம்பக்கத்து ஊர்கள் அதற்கு முன்பே கடையைக் கட்டிவிடும். எனவே வீட்டுக்குப் பணம் கட்டும் முன், அந்த ஊரின் லிஃப்ட்டுகள் மூடும் தேதியை ஊரின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

இது ஒரு வருடப் பிரச்சினையும் அல்ல. 28 ஐரோப்பிய நாடுகளின் 2,234 ஸ்கை மையங்களை ஆராய்ந்து 2023இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வெளியான ஆய்வு, பூமி 2 டிகிரி சூடானால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53% மையங்களுக்குப் பனிப் பற்றாக்குறை அபாயம் மிக அதிகம் என்றது. சீசன் கடைசியில் போகிறவர்கள் இந்த மாற்றத்தை முதலில் சந்திப்பவர்கள்.

என் கணக்கு இதுதான்: மார்ச் கடைசிக்குப் பிறகு போனால், தங்கும் ஊரே 1,800 மீட்டருக்கு மேல் இருக்கட்டும். வால் தொரான்ஸ் தவிர, லா ப்ளாஞ், லெஸ் ஆர்க் ஆகியவற்றின் மேல் பகுதிகளும் 1,800ஐத் தாண்டியவை. 1,860 மீட்டரில் உள்ள ஆல்ப் துயெஸும் பட்டியலில் வரும். ஆனால் அது தெற்கு பார்த்த ஊர். வெயில் நிறைய, பனி சீக்கிரம் இளகும். உயரத்தோடு திசையையும் பார்க்க வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு மேல் என்ன செய்வீர்கள்?

வசந்தகாலப் பனி இரவில் உறைந்து, பகலில் இளகும். காலை எட்டரைக்குப் பாதை கல் மாதிரி இருக்கும். பத்து மணிக்கு மேல் மேற்பரப்பு லேசாக இளகி, சறுக்க அருமையாக இருக்கும். மதியம் ஒன்று, இரண்டுக்குள் கூழாகிவிடும். கூழில் சறுக்கினால் முழங்கால் வலி மிச்சம்.

ஆக, ஏப்ரலில் பாதி நாள்தான் ஸ்கை. மீதி நாள் வீட்டில். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால், ஏப்ரல் நடுவில் சூரியன் மறைய இரவு எட்டு மணி தாண்டும். ஏழு மணி நேரப் பகலை எங்கே கழிப்பீர்கள்? வீடு நன்றாக இருந்தால் அதுதான் விடுமுறையின் சுகமான பாதி. தெற்கோ மேற்கோ பார்த்த பால்கனி, நாலு நாற்காலி, ஒரு டீ போதும். இருட்டான வீடு என்றால் இரண்டாம் நாளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காது.

‘4 பேர் தங்கலாம்’ – இது யார் கணக்கு?

பிரெஞ்சு விளம்பரங்களில் வீட்டை ‘பியேஸ்’ கணக்கில் சொல்வார்கள். ஹாலும் அதில் ஓர் அறை. ‘2 பியேஸ்’ என்றால் நம்ம ஊர் 1 பிஹெச்கே. ‘ஸ்டூடியோ, 4 பேர்’ என்றால் பெரும்பாலும் ஹாலில் ஒரு சோஃபா பெட், வாசலை ஒட்டிய இடுக்கில் ஒரு பங்க் பெட். அந்த இடுக்குக்கு ‘மலை மூலை’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பல வீடுகளில் அதற்கு ஜன்னல் கிடையாது. 25 சதுர மீட்டர் என்றால் சுமார் 270 சதுர அடி. அதற்குள் நாலு பேர், நாலு ஜோடி பூட்ஸ், காயப்போட்ட ஈர உடைகள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960, 70களில் பிரெஞ்சு அரசின் ‘பனித் திட்டம்’ மூலம் உயரமான இடங்களில் புதிய ஸ்கை ஊர்கள் எழுந்தன. 1968இல் திறந்த லெஸ் ஆர்க் ஊரின் வடிவமைப்பில் ஷார்லோத் பெரியானுக்குப் பெரிய பங்கு. தயார்நிலைக் குளியலறைகள், ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை என்று சின்ன இடத்தைக் கச்சிதமாக்கினார். நாளெல்லாம் மலையில் இருந்துவிட்டு இரவு வந்து படுப்பவருக்கு இந்த வீடுகள் போதும். மதியமே திரும்புகிறவருக்குப் போதாது.

அதனால் எளிய விதி: நாலு பேர் போனால் ஆறு பேர் வீடு. கணக்குக்காக, நாலு பேர் வீட்டுக்கு வாரம் 700 யூரோ, ஆறு பேர் வீட்டுக்கு 1,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 300. தலைக்கு 75. ஒரு இரவுக்கு 11 யூரோ கூட ஆகாது. மலை மேலே ஒரு வேளை சாப்பிட்டாலே அதைவிட அதிகம் ஆகும்.

அடுப்பையும் ரசீதையும் கவனிங்க

2,300 மீட்டரில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரமாகும். பருப்பு சாதாரணப் பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கர் கொண்டுபோவது நல்லது. ஆனால் அங்கே பெரும்பாலும் மின்சார அடுப்பு. இண்டக்‌ஷன் என்றால் சாதாரண அலுமினிய குக்கர் வேலை செய்யாது. எந்த வகை அடுப்பு, எத்தனை பர்னர் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஊருக்குள் இருக்கும் கடைகளில் விலை அதிகம், கடைசி வாரத்தில் அலமாரியும் காலியாகிக்கொண்டிருக்கும். மளிகையைக் கீழே பள்ளத்தாக்கிலேயே வாங்கிவிடுங்கள். பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு லா ஷப்பல் தமிழ்க் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

வாடகை என்று காட்டும் தொகையோடு செலவு முடிவதில்லை. பெட்ஷீட், துண்டு, காலி செய்யும்போது சுத்தம் செய்யும் கட்டணம், பெரியவர்களுக்கு இரவுக் கணக்கில் சுற்றுலா வரி, பார்க்கிங், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எல்லாம் தனியாக வரலாம். எல்லாவற்றையும் கூட்டி, தலைக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகே இரண்டு வீடுகளை ஒப்பிடுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய புக்கிங்தான் பாதுகாப்பு.

ஹோட்டலே போதாதா?

இரண்டு பேர், மூன்று நாள் என்றால் ஹோட்டல் போதும். பெரும்பாலான அப்பார்ட்மென்ட்டுகள் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். சமைக்கவே பிடிக்காத குழுவுக்கும் இது சரிவராது, இரண்டு நாளில் பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை வரும். மற்றவர்களுக்கு, மதியத்தைக் கழிக்க ஒரு ஹாலும் பால்கனியும் தருகிற அப்பார்ட்மென்ட்தான் ஏப்ரலுக்குப் பொருத்தம்.

தேதி விஷயத்தில் ஒன்று. பிரான்ஸில் பள்ளிகள் மூன்று மண்டலங்களாகப் பிரிந்திருப்பதால், வசந்த விடுமுறை ஏப்ரலில் தொடங்கிச் சுமார் நாலு வாரம் நீளும். பிரிட்டனின் ஈஸ்டர் விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளலாம். மார்ச் நடுவிலிருந்து இந்த விடுமுறைகள் தொடங்கும் வரை உள்ள இடைவெளிதான் பனியும் பர்ஸும் ஒத்துப்போகும் காலம்.

எனவே தேடும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: ஊரின் உயரம், லிஃப்ட் மூடும் தேதி, வீட்டின் சதுர மீட்டர், பால்கனியின் திசை. விலை கடைசி. முதல் நான்கில் தேறாத வீடு பாதி விலைக்கு வந்தாலும், பனி பார்க்கப் போன இடத்தில் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார அது அதிக விலைதான்.