மரத்தில் பிறந்ததெல்லாம் மருந்தல்ல

மஞ்சூரிலிருந்து ஊட்டி போகிற சாலையில் எந்தத் தைலக் கடையில் நின்றாலும் முதலில் கேட்கிற பேச்சு இதுதான்: "சுத்தமான இயற்கைத் தைலம், கெமிக்கல் எதுவும் கிடையாது, பயப்படாம வாங்குங்க." வாங்குகிறவர்களும் அதை அப்படியே நம்புகிறார்கள். செடியில் விளைந்தது நல்லது, தொழிற்சாலையில் செய்தது கெட்டது என்ற எண்ணம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது. இந்த எண்ணம் தவறு. தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

விண்டர்கிரீன் தைலத்தையே எடுத்துக்கொள்வோம். நீலகிரியின் சோலையோரங்களில் வளரும் கால்தீரியா செடியின் இலையைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெய் அது. அதில் பெரும்பங்கு மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே ஒரு பொருள். சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்வதும் அதே மெத்தில் சாலிசிலேட்தான். மூலக்கூறில் அணுவளவும் வேறுபாடு கிடையாது. வலிக்கிற முட்டியில் தேய்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். விழுங்கினாலும் ஒன்றுபோலவே நஞ்சாகும். ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் எண்ணெயில் ஏறத்தாழ 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. பெரியவர்கள் போடும் 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கும் மேல் விழுங்கியதற்குச் சமம். தவழும் குழந்தையின் உயிரைப் பறிக்க அதுவே போதும். யூகலிப்டஸ் தைலத்தைக் குடித்துவிட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. மாத்திரை அட்டையை மேலே எடுத்து வைக்கிற வீட்டில் தைலக் குப்பி மட்டும் தரையோரம் கிடக்கிறது. "இயற்கைதானே" என்ற அலட்சியமே காரணம்.

உடம்புக்கு நேரும் கேடு போகட்டும், மண்ணைப் பாருங்கள். நாம் கற்பூர மரம் என்று அழைக்கும் யூகலிப்டஸ் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தது. சீகை மரமும் அங்கிருந்து வந்ததுதான். விறகுக்கும் தைலத்துக்கும் ஒன்று. தோல் பதனிடும் பட்டைக்கு மற்றொன்று. எல்லாம் இயற்கைப் பொருள்களே. அவற்றுக்காக நீலகிரியின் குந்தா மலைகளிலிருந்த புல்வெளிகளை நாம் பலிகொடுத்தோம். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிட்டவை அந்தப் புல்வெளிகள். இன்று சீகையை வெட்டினால் வேரிலிருந்தும் விதையிலிருந்தும் மீண்டும் முளைத்து வருகிறது. புல்லை மீட்க வனத்துறை படாத பாடு படுகிறது.

இந்த மலை மரங்கள் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் போயின. மரக்கூழிலிருந்து வரும் விஸ்கோஸ் ரேயான், பெட்ரோலியத்தில் பிறந்த பாலியஸ்டரை விட இயற்கையானது என்று இன்றும் விற்கப்படுகிறது. ஆனால் அந்தக் கூழை நூலாக்கக் காஸ்டிக் சோடா வேண்டும், கார்பன் டைசல்பைடு வேண்டும், கந்தக அமிலம் வேண்டும். ஆலைக் கழிவு பவானி ஆற்றில் கலந்ததை எதிர்த்து ஆற்றங்கரை மக்கள் போராட வேண்டியிருந்தது. குந்தா ஆறு போய்ச் சேர்வதும் அதே பவானியில்தான்.

செயற்கைப் பொருளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தமிழகம் முழுவதும் 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வருவதற்கு வெகுகாலம் முன்பே நீலகிரியில் தடை வந்தது. அது சரியான முடிவு. பிளாஸ்டிக் மக்காது, காட்டெருமையின் வயிற்றுக்குள் போகிறது என்பதற்காகத்தான் அது சரி. மனிதன் செய்த பொருள் என்பதற்காக அல்ல. அதே கண்டிப்போடு கற்பூர மரத்தையும் சீகையையும் தைலக் குப்பியையும் நாம் சோதித்திருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலம், தைலம் காய்ச்ச எவ்வளவு விறகு, உடம்புக்குள் எவ்வளவு போகலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இயற்கை என்ற ஒரே சொல் அத்தனை கேள்விகளின் வாயையும் அடைத்துவிட்டது.

அடுத்த முறை தைலம் வாங்கும்போது, அது இயற்கையா என்று கேட்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை விழுக்காடு என்று கேளுங்கள். அந்த விவரத்தை அச்சிட்ட குப்பியை மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.