உபயகாரர் பெயரும் விளக்கின் வெளிச்சமும்



நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் நாள் பூசை தண்டல் வீட்டு உபயம். இரண்டாம் நாள் மளிகைக் கடைக்காரர் உபயம். மூன்றாம் நாள் லாரி ஓட்டுநர்கள் ஒன்று சேர்ந்து செய்யும் உபயம். நோட்டீசில் அவரவர் பெயர் வரும். பூசை முடிந்ததும் மாலை மரியாதை நடக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சில கோயில்களில் இன்னொரு காட்சியையும் கண்டிருப்பீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் குழல் விளக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். தம் பெயர், தகப்பனார் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் அந்த விளக்கின் மேலேயே பெரிய எழுத்தில் எழுத வைத்திருப்பார். பெயர் நன்றாகத் தெரியும். வெளிச்சம்தான் பாதி வெளியே வராது.

குளுவாங் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் குழல் விளக்குதான் நினைவுக்கு வந்தது.

தோட்டத்தில் பிறந்த பெண். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததையும், லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவள். இப்போது பட்டணத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறாள். வேலை முடிந்து வந்து, வாரம் ஒரு மடல் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்புகிறாள். சேமநிதிப் பணத்தை எப்படி எடுப்பது, வேலையில் அடிபட்டால் பெர்கேசோவுக்கு எப்படி மனுச் செய்வது, பிள்ளைக்கு உதவித்தொகை கேட்க என்னென்ன தாள் வேண்டும் என்பதையெல்லாம் நம் பேச்சிலேயே விளக்குகிறாள். ஊருக்கு வரும் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் காட்டி அம்மா அப்பாவுக்குப் படித்துச் சொல்கிறார்களாம். 600 பேர் படிக்கிறார்கள். இதுவரை ஒரு காசு வாங்கியதில்லை.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். நீரிழிவைக் குணமாக்கும் என்று சொல்லி ஒரு தூள் விற்கிறவர். மாதம் 300 வெள்ளி தருகிறாராம். ‘விளம்பரம் என்று போட வேண்டாம் தங்கச்சி. கட்டுரையோடு கட்டுரையாக இரண்டு வரி, நீயே சாப்பிட்டுப் பார்த்தது போல எழுதினால் போதும்’ என்றாராம்.

“அக்கா, தம்பி படிப்புக்கு அந்தப் பணம் உதவும். வாங்கலாமா?” என்று கேட்கிறாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துக்குக் கூலி கேட்பது பாவமில்லை. காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவனுக்குச் சம்பளம் உண்டென்றால், இரவெல்லாம் கண் விழித்து எழுதுகிறவளுக்கும் உண்டு. நாம் படித்த எந்தப் பத்திரிகையும் காற்றைக் குடித்து வாழவில்லை. 1941-இல் கல்கி பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டியிருந்தபோது, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடம் கட்டி நடித்துக் கிடைத்த தொகையைக் கொடுத்தார். அதுவும் ஓர் உபயந்தான். நம் நாட்டில் 1924-இல் பிறந்த தமிழ் நேசன், தொண்ணூற்றைந்து ஆண்டுகளை நெருங்கிய நிலையில் 2019-இல் நின்றுபோனது. எத்தனை வயதானாலும் வரவு இல்லாத பத்திரிகைக்கு மூச்சு இல்லை.

ஆகவே தங்கை காசு வாங்கலாமா என்பதல்ல கேள்வி. யாரிடம் வாங்குவது, எதற்காக வாங்குவது, வாங்கியதை வாசகரிடம் சொல்வதா மறைப்பதா என்பதே கேள்வி.

இதே கேள்வியில் காந்தியடிகளும் ஒரு காலத்தில் தவித்தார். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் போய்ச் சேர்ந்த நாள் தொட்டு, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். இங்கே ரப்பர், அங்கே கரும்பு. மற்றபடி ஒரே கதை. அங்கே 1903-இல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. தமிழ்ப் பகுதி நெடுநாள் நீடிக்கவில்லை என்பது வேறு வருத்தம். பத்திரிகை நஷ்டத்தில் ஓடியது. காந்தி தம் வக்கீல் தொழிலில் சம்பாதித்ததைக் கொட்டினார். ஒரு சமயம் மாதம் 75 பவுன் வரை அனுப்ப வேண்டியிருந்ததென்று தம் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார்.

அவ்வளவு நெருக்கடியிலும், பின்னாளில் அவர் விளம்பரங்களை அடியோடு நிறுத்தினார். ஏன் தெரியுமா? விளம்பரம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அவன் கடை கடையாகப் போய் நயந்து பேச வேண்டும். எதை ஏற்பது, எதை மறுப்பது என்ற சங்கடம் வேறு. வேண்டாத விளம்பரத்தையும் முகத்துக்காகப் போட நேரும். அதைவிட, இது தங்கள் பத்திரிகை என்று நினைக்கும் மக்களே இதைத் தாங்கட்டும் என்று முடிவு செய்தார். படிக்கத் தெரிந்த இந்தியர் அங்கே 20,000 பேருக்கு மேல் இராத காலம். அவர்களில் 3,500 பேர் வரை சந்தா கட்டி வாங்கிய காலமும் இருந்தது.

எல்லாரும் காந்தியாக முடியாது. விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்ற பழமொழி இருக்கிறது. நல்ல பழமொழிதான். ஆனால் எழுதுகிறவருக்கு அதில் ஓர் ஆபத்தும் உண்டு. உப்பிட்டவர் தப்புச் செய்தால் கை எழுத மறுக்கும். அதனால்தான் உப்பு யார் வீட்டு உப்பு என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நான் சிறு பெண்ணாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு அத்தை இருந்தார். பால்மரம் வெட்டுகிறவர். சர்க்கரை வியாதிக்கு ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு பத்திரிகையில், வைத்தியக் கட்டுரை போலவே அச்சிட்ட ஒரு பக்கத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சூரணம் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று அதில் இருந்தது. அத்தை நம்பினார். மாத்திரையை நிறுத்தினார். சில மாதங்களில் கால் புண் முற்றி இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தப் பக்கத்தின் மூலையில் ‘விளம்பரம்’ என்று ஒரே ஒரு சொல் இருந்திருந்தால், நான் அதையும் சேர்த்துப் படித்திருப்பேன். அத்தையும் ஒரு முறை யோசித்திருப்பார்.

தங்கச்சி, உன் மடலையும் யாரோ ஒரு பிள்ளை யாரோ ஓர் அத்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 300 வெள்ளி உன் எழுத்துக்கு விலை அல்ல. அந்த அத்தை உன் மேல் வைத்த நம்பிக்கைக்குப் பேசிய விலை.

சட்டமும் இதற்கு இடம் தராது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்ய அது தடை விதிக்கிறது. மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் அனுமதி வேண்டும். வட்டிக் கடைக்காரர் வந்தாலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி உரிமமும் விளம்பர அனுமதியும் இருக்க வேண்டும். அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் 12, அடமானம் இல்லாததற்கு 18, அதற்கு மேல் வட்டி கூடாது. ‘அடையாள அட்டை இருந்தால் போதும், உடனே பணம்’ என்கிறவரின் உபயம் எத்தனை குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் தங்கை என்ன செய்யலாம்?

மடலுக்கு உபயம் பிடிப்பதில் மூன்று வழிகள் வழக்கத்தில் இருக்கின்றன. ஒரு மடலுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது ஒன்று. படிக்கிறவர் தலைக்கு இவ்வளவு என்று பேசுவது மற்றொன்று. ஆளுக்குப் 10 காசு என்றால் 600 பேருக்கு 60 வெள்ளி. மாதம் நான்கு மடலுக்கு 240 வெள்ளி. மூன்றாவது, மடலைப் பார்த்துப் பொருள் வாங்கியவர் எண்ணிக்கைக்குக் கமிஷன் தருவது. முதல் இரண்டில் நீ இடம் விற்கிறாய். மூன்றாவதில் நீயே விற்பனைக்காரி ஆகிவிடும் அபாயம் உண்டு. கவனமாக இரு.

தெரிந்த மனிதரிடம் கேள். தையல் வகுப்பு நடத்துகிறவர், புத்தகக் கடைக்காரர், டியூஷன் வாத்தியார், தீபாவளிப் பலகாரம் செய்து விற்கும் அக்கா, இவர்களுக்கும் வாடிக்கை வேண்டும். அவர்கள் விளம்பரத்தைக் கட்டுரைக்குள் கலக்காதே. தனியே கட்டம் கட்டி, ‘இந்த வார மடல் இன்னார் உபயம்’ என்று மேலேயே எழுது. கட்டுரையை முன்கூட்டி அவரிடம் காட்டுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடு. பேசியதை எழுத்தில் வாங்கு. ரசீது வை, வருமான வரிக் கணக்கில் இதுவும் வருமானந்தான். ஒரே ஆளிடம் முழுத் தொகையையும் வாங்காதே. அவர் போனால் மடல் நின்றுவிடும் என்ற நிலை வந்தால், பேனா அவர் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

இனி வாசகர்களாகிய நம் பங்கைப் பேசுவோம். 600 பேரில் 60 பேர் மாதம் 5 வெள்ளி கொடுத்தால் 300 வெள்ளி. தூள்காரர் தருவதாகச் சொன்ன அதே தொகை. ஆளுக்கு இரண்டு கோப்பை தே தாரே குடிக்கிற காசு.

நம்மால் ஆகாத காரியமா இது? 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்களின் தமிழ் முரசு சிங்கப்பூரில் தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி வந்து நம் லயங்களில் உரக்கப் படிக்கப்பட்ட பத்திரிகை அது. அதே சாரங்கபாணி 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம் பெறவும், தமிழ் நூல்கள் வாங்கவும் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். மரம் வெட்டிய கைகள் கொடுத்தன. சீமான்கள் பெயர் எழுதிய விளக்கல்ல அது. ஊர் கூடி இழுத்த தேர்.

தங்கச்சி, தூள்காரருக்கு மரியாதையாகவே பதில் எழுது. ‘வேண்டாம் ஐயா, என் மடலைப் படிப்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள்’ என்று எழுது. அதுவே போதும். பிறகு உன் 600 பேருக்கும் உன் செலவுக் கணக்கைத் திறந்து காட்டி, கூச்சப்படாமல் கேள். தம்பி படிப்புக்கென்று கேட்காதே. உன் உழைப்புக்கென்று கேள். முதல் 5 வெள்ளி இந்த அக்காவுடையது.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை கைப்பேசியில் எதையாவது படித்துக் காட்டும்போது, ‘இது யார் உபயம்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தால் நம்பலாமா என்று யோசியுங்கள். பதில் தெரியாவிட்டால், ஆஸ்பத்திரி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.