சத்தம் கூடினால் இழுவை கூடுமா?



இரவு பத்து மணிக்குப் பிறகு நமது பிரதான வீதியைக் கிழித்துக்கொண்டு போகும் பைக் சத்தத்தைப் பற்றி எழுதச் சொல்லி பலர் கேட்டார்கள். ஏசி எழுதுவது சுலபம். ஆனால் ஏச்சு வாங்கியதற்காக சைலன்சரைக் கழற்றிய பொடியன் ஒருவனையும் நான் காணவில்லை. அதனால் இன்றைக்கு இஞ்சின் பாஷையிலேயே பேசுவோம். பெற்றோரும் வாசியுங்கள், சல்லி கொடுப்பது நீங்கள்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 150 சீசீ பைக்குக்குப் பெரிய வாய் காபரேட்டரும் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் குழாயும் போடுகிறவர், காசு கொடுத்து இஞ்சினின் பலத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

காபரேட்டரிலிருந்து தொடங்குவோம். நான்கு அடிப்பு இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்றை இழுக்கும். 150 சீசீ பைக் 4000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 2000 தடவை இழுக்கிறது. ஒரு தடவைக்கு 0.15 லீற்றர். ஆக மொத்தம் 300 லீற்றர், அதுவும் நிறைய இழுத்தால். காபரேட்டரின் கழுத்து ஒடுக்கமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கும், வேகமெடுத்த இடத்தில் அமுக்கம் குறையும், அந்த அமுக்கக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெற்றோலை மேலே இழுக்கிறது. ஏ.எல் பௌதிகவியலில் வரும் பேர்னூலி தத்துவம்தான். கழுத்தைப் பெரிதாக்கினால் அதே 300 லீற்றர் காற்று மெதுவாகப் போகும், பெற்றோல் ஒழுங்காக எழும்பாது. எக்சிலேட்டரைத் திடீரென்று முறுக்கும்போது பைக் ஒரு கணம் மூச்சடைத்து நிற்பது இதனால்தான். வாகனத்தை முந்தும் நேரத்தில் அந்த ஒரு கணம் உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது சைலன்சர். புகை ஒரே சீராக வெளியே ஓடுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு, அந்தத் தள்ளோடு ஓர் அமுக்க அலை. அந்த அலை குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. புகை வால்வு மூடப்போகும் நேரத்தில், காற்று வால்வு திறக்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்தெடுத்துப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். பெண்ட் பைப்பின் நீளமும் விட்டமும் இந்த நேரக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகின்றன. "அடைப்பைக் கழற்றினால் இஞ்சின் லேசாகும்" என்று குழாயை வெட்டுகிறவர் இந்தக் கணக்கையும் சேர்த்தே வெட்டுகிறார். உச்ச வேகத்தில் கொஞ்சம் கூடலாம். சந்தையும் பாடசாலையும் உள்ள நமது வீதியில் யாருக்கு உச்ச வேகம் தேவை?

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். பொடியன்மாரின் போன் முழுக்க 1960, 70களின் அமெரிக்க மசில் கார் வீடியோக்கள். மஸ்டாங், கமாரோ, சார்ஜர். அழகான வாகனங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுமல் எட்டு சிலிண்டரிலிருந்து வருகிறது. நாலு நாலாகப் பிரிந்த சிலிண்டர்கள், அந்தந்தப் பக்கத்தில் சமமில்லாத இடைவெளியில் வெடிப்பதால் வரும் தாளம் அது. ஒரே சிலிண்டர் உள்ள பைக்கில் என்னதான் வெட்டினாலும் அந்தச் சத்தம் வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மசில் கார்களைத் திறமாகத் திருத்துகிறவர்கள் கணக்குப் பார்த்துத்தான் காபரேட்டர் வாங்குகிறார்கள். இஞ்சின் கொள்ளளவை (கன அங்குலத்தில்) உச்சச் சுற்றால் பெருக்கி 3456ஆல் வகுப்பார்கள். ஒரு கன அடியில் 1728 கன அங்குலம், இரண்டு சுற்றுக்கு ஓர் இழுவை என்பதால் அதன் இரு மடங்கு 3456. ஷெவ்ரோலேயின் 350 கன அங்குல இஞ்சின், அதாவது 5.7 லீற்றர், 6000 சுற்றில் ஓடினால் விடை ஏறத்தாழ 608 கன அடி. சாதாரண இஞ்சின் அதிலும் 85 வீதம் அளவுதான் நிரம்பும். ஆகவே 600 கன அடி காபரேட்டர் தாராளம். "பெரிசுதான் நல்லது" என்று 850ஐ வாங்கிப் போட்டால் வீதியில் அந்தக் காரும் மூச்சடைக்கும். புகைக் குழாயிலும் அதே கதைதான், தேவைக்கு மேல் அகலமான குழாய் கீழ்ச் சுற்றில் இழுவையைத் தின்றுவிடும். 5.7 லீற்றர் இஞ்சினுக்கே அளவு பார்க்கிறார்கள் என்றால் 150 சீசீக்குப் பார்க்க வேண்டாமா?

நமது ஊரில் நடப்பது வேறு. சைலன்சரை மட்டும் மாற்றுவார்கள், ஜெட்டைத் தொடமாட்டார்கள். காற்றோட்டம் மாறியதும் கலவையில் பெற்றோல் குறையும். எக்சிலேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடிக்கிறதே, அதை வீரம் என்று நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் கலவை கெட்டதன் அடையாளம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் சரி, கறுத்த கரி என்றால் பெற்றோல் கூட, வெள்ளை என்றால் குறைவு. வெள்ளை பிளக்கோடு ஓடும் இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், நாளடைவில் வால்வும் பிஸ்டனும் போகும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. பழைய பைக்கும் என்ன விலைக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டாரில் வெயிலில் நிற்கும் வாப்பாவின் சல்லி இப்படியா புகையாக வேண்டும்?

"சத்தம் இருந்தால்தான் மற்றவன் விலகுவான், விபத்து குறையும்" என்று ஒரு வாதமும் உண்டு. சைலன்சரின் வாய் பின்னால் பார்த்துத்தான் இருக்கிறது. சத்தத்தின் பெரும் பங்கு, கடந்துபோன ஆட்களுக்குத்தான் கேட்கும். முன்னால் குறுக்கே வரும் மூதாட்டிக்கு ஹோர்னும் பிரேக்கும்தான் உதவும். அந்தச் சத்தம் உண்மையில் போய்ச் சேர்வது நோயாளிக்கும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும், ஓ.எல் பரீட்சைக்கு விழித்திருக்கும் மாணவிக்கும், தொழுகையில் நிற்பவருக்கும். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பது மார்க்கத்தில் சின்ன விடயம் அல்ல.

பொலிஸ் பிடிப்பதும் தண்டம் விதிப்பதும் தேவைதான். ஆனால் தண்டம் கட்டிய மறுநாளே பழைய குழாய் திரும்ப ஏறிவிடுகிறது. அதனால் மூன்று வேண்டுகோள்கள்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இந்தக் கணக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வெட்டச் சொல்லி வருகிறவனிடம் பிளக்கைக் கழற்றிக் காட்டுங்கள். காபரேட்டரைக் கழுவி, எயார் ஃபில்டரை மாற்றி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்துக் கொடுங்கள். இழந்த இழுவையில் பாதி அதிலேயே திரும்பிவிடும். உங்களுக்கும் கூலி கிடைக்கும்.

பெற்றோர்களே, பைக் வாங்கிக் கொடுத்தால் அதன் சத்தத்துக்கும் நீங்கள் பொறுப்பு.

ஆசிரிய நண்பர்களே, இரவில் உட்கார்ந்து இஞ்சினைக் கழற்றும் பொடியன் சோம்பேறி அல்ல. அவனுக்கு அறிவுப் பசி இருக்கிறது. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. "படிக்காதவன் போகும் இடம்" என்று நாம் முத்திரை குத்தியதால்தான் பல பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. டிக்டொக்கில் கற்கும் அரைகுறை வேலையை அங்கே கணக்கோடு கற்றால், அந்தக் கை ஒரு குடும்பத்தையே காப்பாற்றும்.

தம்பிமாரே, உங்கள் பைக்கை நேசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேசிப்பதென்றால் அதைப் படியுங்கள். நன்றாகத் திருத்திய இஞ்சின் அமைதியாகத்தான் ஓடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.