நோக்கமும் விளைவும்: இலத்தீன் பயில்வார்க்கு ஒரு சொல்

இலத்தீன் மொழியைப் பயிலப் புகும் தமிழ் மாணவர் பலர், பெயர்களின் வேற்றுமைகளையும் வினைவிகற்பங்களையும் ஒருவாறு மனனஞ்செய்து கடந்து, ‘உத்’ என்னும் சிறு சொல்லண்டை வந்தவுடன் தளர்ந்து நின்றுவிடுகின்றனர். அச்சொல்லை அடுத்து ‘சப்ஜங்க்டிவ்’ என்னும் வினைவடிவம் வரின், அது சிலவிடத்து நோக்கத்தையும் சிலவிடத்து விளைவையும் உணர்த்தும். வடிவம் ஒன்று, பொருள் இரண்டு. ஆங்கில உரைநூல் ஒன்றையே பற்றி நிற்பதால் இவ்விடர் மிகுகின்ற தென்பதும், தமிழிலக்கணத்தைத் துணைக்கொள்ளின் அது பெரும்பாலும் நீங்கு மென்பதும் நம் கொள்கை.

‘தேறும்படி படித்தான்’ என்கிறோம். தேறவேண்டுமென்று படித்தானா? படித்ததன் பயனாகத் தேறினானா? இரண்டிற்கும் இடமுண்டு. ‘உண்ண வந்தான்’ என்பது நோக்கம். ‘கண் சிவக்க அழுதாள்’ என்பதோ விளைவு. கண் சிவக்கவேண்டுமென்று எவரும் அழுவதில்லை. இரண்டும் ‘செய’ என்னும் ஒரே வாய்பாட்டு வினையெச்சமே யன்றோ? ஆகவே இம்மயக்கம் நமக்குப் புதிதன்று. மேலும், நன்னூலார் கூறும் 12 வினையெச்ச வாய்பாடுகளுள் வான், பான், பாக்கு என்பன எதிர்காலத்திற்கு உரியனவாய் நோக்கத்தையே சுட்டும். ‘உண்பான் வந்தான்’ எனின், உண்டானோ இலனோ, உண்ணக் கருதி வந்தான் என்பது தேற்றம்.

இலத்தீன் இவ்விரண்டையும் எதிர்மறையில் பிரித்துக் காட்டும். நோக்கமாயின் ‘நே’ வரும். விளைவாயின் ‘உத் நோன்’ வரும். அன்றியும், விளைவைக் கூறுமிடத்து, ‘அத்துணை’, ‘அவ்வாறு’ எனப் பொருள்படும் ‘தாம்’, ‘இதா’ முதலிய சொற்கள் தலைமை வாக்கியத்தில் பெரும்பாலும் முன்னின்று வழிகாட்டும்.

தமிழ் உதவாத இடமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. ‘காண வருகிறான்’, ‘காண வந்தான்’ என்னுமிடங்களில் ‘காண’ என்பது மாறுவதில்லை. இலத்தீனிலோ ‘வெனித் உத் விதேயாத்’ என்பது நிகழ்காலத்திலும், ‘வேனித் உத் விதேரெத்’ என்பது இறந்தகாலத்திலும் அமையும். தலைமை வினையின் காலத்தைச் சார்வினையும் தொடர்கின்றது. இதனைத் தனியே முயன்று கற்றல் வேண்டும். ஆயினும் ஈண்டும் ஒரு நன்மை காண்க: குறியிடாத ரோமன் எழுத்தில் ‘வெனித்’, ‘வேனித்’ என்பன ஒன்றுபோலவே தோன்றும், நம் எழுத்தில் குறிலும் நெடிலும் வெளிப்படை. அவ்வெழுத்து வேற்றுமையை வகுத்தவர் வீரமாமுனிவர் என்பது வழிவழி வந்த செய்தி.

இத்தாலியிற் பிறந்த அம்முனிவர் கொடுந்தமிழுக்கு இலத்தீனில் இயற்றிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் பெயர்த்தார். தாம் அறிந்த இலத்தீனைப் படியாகக்கொண்டு பிறரைத் தமிழுக்கு ஏற்றினார். அப்படியிலே நாம் தமிழினின்று இலத்தீனுக்கு ஏறுதற்குத் தடை யாது? 1968-இல் நாட்டப்பெற்ற அவர் சிலை, மயிலைச் சாந்தோமுக்கு வடக்கே, கடற்கரையில் இன்றும் நிற்கின்றது.

‘வழக்கொழிந்த மொழியின் நுட்பம் நமக்கெதற்கு?’ என்பார்க்கு ஒன்று கூறுவோம். ‘இறக்கும்படி அடித்தான்’ என்று ஒருவன் சாட்சி சொல்கிறான். கொல்லக் கருதி அடித்தானா? அடித்ததனால் இறப்பு நேர்ந்ததா? நீதிபதி இரண்டையும் ஒன்றாகக் கொள்ளார். ஓர் உயிரின் கதி அவ்வேற்றுமையில் தொங்குகின்றது. நாள்தோறும் நாமும் பிறர் செயலின் விளைவைக் கண்டு, அதுவே அவர்தம் நோக்கமெனத் தீர்ப்பளித்து விடுகின்றோம். நட்பு முறிவதும் குடும்பம் பிளவுறுவதும் பல சமயம் இதனாலேயாம்.

ஆதலின் ஆசிரியர்கள் ‘உத்’ பாடத்தைத் தொடங்குமுன் நன்னூலின் வினையெச்ச இயல்பை ஒரு நாழிகை நினைவூட்டுவாராக. மாணவரும் ஒவ்வொரு வாக்கியத்தையும், ‘கருதிச் செய்ததா, செய்து விளைந்ததா?’ என்று வினவிப் பழகுவாராக. அவ்வினா இலத்தீன் வகுப்போடு நில்லாது.