அம்பிளிக்கை தெரியுமா?

"புற்றுநோய் ஆய்வெல்லாம் பெருநகர வேலை, கொடைக்கானல் பக்கம் என்ன கிடக்கிறது?" என்கிறார் நண்பர். பழனிமலை அடிவாரத்து அம்பிளிக்கையைக் கேள்விப்பட்டதில்லை போலும். 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுக்குக் களத்தில் தோள்கொடுத்தது அவ்வூர் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் மையம். நர்சுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம்! பரிசோதனை தரப்பட்ட குழுவில், தரப்படாத ஒப்பீட்டுக் குழுவைவிட, இப்புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது.

"ஏழைகளைச் சோதனை எலியாக்கினார்கள்" என்பது அவரது அடுத்த அம்பு. இதில் கூர் உண்டு: ஒப்பீட்டுக் குழுவின் 30,958 பெண்களுக்கு அந்தப் பரிசோதனை கிடைக்கவில்லை. தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றும், நடந்தது அநியாயம் என்றும் ஒரே மூச்சில் சொன்னால் எப்படி ஐயா?